13.6 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் பேட்டரி தாங்கவில்லை: ஆல்டர்னேட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

எர்ணாவூர்வாசி:

வணக்கம். என்னுடைய கார் 2013-இல் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் வண்டி. இதுவரை 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரிகள் செத்துப்போய், இப்போது மூன்றாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் எர்ணாவூரிலிருந்து மணலிக்கு வேலைக்குப் போகிறவன். தூரம் அதிகமில்லை என்றாலும், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் ஏ.சி.யையும் முகப்பு விளக்கையும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அப்படி நிற்கும்போது முகப்பு விளக்கின் வெளிச்சம் மங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் தெளியும். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றும், அல்லது ‘டக் டக்’ என்ற ஓசையோடு நின்றுவிடும். இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுத்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது.

பேட்டரி கடையில் வண்டியை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 13.6 வோல்ட் காட்டியது. “சார்ஜிங் சரியாக இருக்கிறது, பேட்டரிதான் கோளாறு” என்று உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பணிமனையில் ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது 12.5 தான் வந்தது. அவர்கள், “என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, பதினெட்டாயிரம் ரூபாய் ஆகும்” என்கிறார்கள். ஆனால் மீட்டர் பலகையில் உள்ள பேட்டரி விளக்கு, வண்டி ஓடும்போது ஒரு தடவைகூட எரிந்ததில்லை. ஆல்டர்னேட்டர் போயிருந்தால் அந்த விளக்கு எரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் எண்ணெய் கலந்த தண்ணீர் முன் பம்பரின் பாதி உயரத்துக்கு நின்றது. வண்டியைக் கிளப்பாமல் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஆயில்களையும் பெல்ட்டையும் மாற்றினேன். அதன்பின் நான்கைந்து மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. யாரை நம்பிப் பணத்தைச் செலவழிப்பது என்று தெரியவில்லை, வழி சொல்லுங்கள்.

வண்ணை எலக்ட்ரீஷியன்:

தம்பி, ஆல்டர்னேட்டருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லையே? கொடுக்காதீர்கள். பேட்டரி கடைக்காரர் பார்த்ததும் உண்மை, பணிமனையில் பார்த்ததும் உண்மை. ஆனால் இரண்டு பேருமே பேட்டரியின் மேல் மட்டும் மீட்டரை வைத்துவிட்டு, மின்சாரம் உண்டாகிற இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் தொழிலில் இன்னமும் ஆல்டர்னேட்டரை ‘டைனமோ’ என்றும், அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் ‘கட்அவுட்’ என்றும்தான் சொல்லுவோம். எந்தப் பெயரில் சொன்னாலும், அது உண்டாக்குகிற மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேர ஒரு பாதையும், திரும்பி வர ஒரு பாதையும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் அந்த விளக்கின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வயது வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரி விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரி மின்சாரம் வருகிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர் காயிலுக்கு முதல் துளி மின்சாரம் போய் அதைக் காந்தமாக்குகிறது. ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் இரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட் நிற்பதால் விளக்கு அணைகிறது. ஆகவே அது அணைந்திருந்தால் ஆல்டர்னேட்டர் ஏதோ உற்பத்தி செய்கிறது என்று மட்டுமே பொருள்; உற்பத்தியானது முழுவதும் பேட்டரிக்குப் போகிறதா என்பதை அது சொல்லாது. சாவி போட்டவுடன், என்ஜினைக் கிளப்புவதற்கு முன், அந்த விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் பல்போ அதன் ஒயரோ போயிருக்கிறது. அது வேறு கதை.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓர் இரவு முழுவதும் நின்ற பிறகு, கதவைத் திறப்பதற்கு முன்பே முடிந்தால் நல்லது, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்து எழுதிவையுங்கள். 12.6 இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. அதன்பின் பேட்டரியை வெளியே ஒரு சார்ஜரில் போட்டு நிறைத்துவிட்டே மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும், ஏனென்றால் காலியான பேட்டரி மின்னோட்டத்தை வாரி இழுத்துக்கொண்டு எல்லா அளவுகளையும் தாழ்த்திக் காட்டும்; நல்ல ஆல்டர்னேட்டரைக் கெட்டது என்று தூக்கி எறிவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

பெல்ட்டைப் பாருங்கள். எண்ணெய் வெள்ளத்தில் நனைந்த பெல்ட்டை மாற்றிவிட்டீர்கள், நல்லது. ஆனால் புல்லிகளின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புதுப் பெல்ட்டும் வழுக்கும், உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும். அடுத்து, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நல்ல பேட்டரி 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அதே சமயத்தில் மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை என்ஜினின் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்திலும் வைத்து இன்னொரு முறை செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எனக்குச் சொல்லுங்கள்.

பிறகு வண்டியை ஓடவிட்டு, முகப்பு விளக்கை ஹை பீமில் போட்டு, ஏ.சி. காற்றை முழு வேகத்தில் வைத்து, பின்கண்ணாடிச் சூடேற்றியையும் போட்டு, சுமார் 2,000 சுற்றில் பிடித்துக்கொண்டு நான்கு இடங்களில் அளக்க வேண்டும்: பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒன்று, ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் மாட்டியிருக்கிற போல்ட்டுக்கும் அதன் அலுமினிய உடலுக்கும் நடுவே ஒன்று, அந்தப் போல்ட்டுக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் நடுவே ஒன்று, ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே ஒன்று. கடைசி இரண்டும் தனித்தனியே 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டரை ஏ.சி. (மாறுமின்) வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் ஒரு தடவை அளந்தால், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளின் நிலையும் தெரிந்துவிடும்.

கவனம்: அந்தத் தடித்த போல்ட் எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது, ஸ்பேனரோ மோதிரமோ அதற்கும் உடலுக்கும் நடுவே பட்டால் நெருப்புப் பறக்கும். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும், லுங்கியோடு குனியாதீர்கள்.

துறைமுக ஓட்டுநர்:

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றுகிறது. நாங்கள் அந்தக் காலத்திலிருந்து செய்வது ஒன்றுதான்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுவோம். என்ஜின் நின்றுவிட்டால் டைனமோ போச்சு. தொடர்ந்து ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது. அரை நிமிட வேலை.

மாதவரம் பயிற்றுநர்:

மேலே எழுதியிருக்கும் நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லி நிறுத்துகிற பழக்கம் இதுதான்.

பழைய அம்பாசடரில் இருந்த நிஜ டைனமோவின் காலத்தில் இந்த உத்தியால் கெட்டுப்போவதற்கு வண்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆல்டர்னேட்டரில் நிலைமை வேறு. அது ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி ஒரு பெரிய தொட்டியைப் போல இருந்து மின் அலைகளைத் தாங்கிக்கொள்கிறது. நல்ல சுமையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் தருணத்தில் அந்தத் தொட்டியைத் திடீரென்று அகற்றினால், ரோட்டரின் காந்தப்புலம் உடனே தணிந்துவிடாது என்பதால், வோல்ட் கண நேரத்தில் மேலே பாயும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கு வாகன மின் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 16750 தரம் வைத்திருக்கும் சோதனை அளவே 79 முதல் 101 வோல்ட் வரை. தடுப்பு டயோடு உள்ள ஆல்டர்னேட்டரில் அது 35 வோல்ட் அளவில் அடங்கும். அதுகூட என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நல்லதல்ல. அரை நிமிட வேலை, பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடியலாம். அதுமட்டுமல்ல, இந்தக் கேள்வியாளரின் வண்டி அப்படிக் கழற்றினாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனவே அந்தச் சோதனை அவருக்கு எதையும் சொல்லப்போவதில்லை.

மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகான பல கார்களில் ஆல்டர்னேட்டரை என்ஜின் கணினியே ஆட்டி வைக்கிறது. வேகமெடுக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கும். பிரேக் பிடிக்கும்போது 14.8 வரைகூட ஏற்றும். அந்த வண்டிகளில் ஒரு கணத்து அளவைப் பார்த்துவிட்டுக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது. நெகட்டிவ் முனையில் சிறிய பெட்டி போன்ற உணரி இருந்தால், சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல் வண்டியின் உடலில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஏற்றிய சார்ஜை அந்த உணரி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. சாதாரண ரெகுலேட்டரும்கூடச் சூடு ஏறினால் வோல்ட்டைச் சற்றுக் குறைக்கும்படிதான் அமைக்கப்படுகிறது. மே மாத மதியத்தில், வெந்துபோன என்ஜினில் 13.8 வந்தால் அது குறை அல்ல.

எர்ணாவூர்வாசி:

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்தேன்.

இரவு நின்றபின் பேட்டரி 12.18. சார்ஜரில் போட்டு நிறைத்து, அரை நாள் ஓய்வு கொடுத்தபின் 12.64. சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரிகிறது, என்ஜின் கிளம்பியதும் அணைகிறது. பெல்ட்டில் பளபளப்பு இல்லை, கீச்சொலியும் இல்லை.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10.8 இருந்தது, இருந்தும் செல்ஃப் பழையபடி முனகிக்கொண்டுதான் சுற்றியது. பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜினுக்கும் நடுவே 3.1 வோல்ட் வந்தது. மீட்டர் தவறோ என்று மூன்று முறை பார்த்தேன்; அதேதான்.

வண்டி ஓடும்போது, எதையும் போடாமல் நின்ற நிலையில் 13.6, எல்லாவற்றையும் போட்டால் நின்ற நிலையில் 12.5, 2,000 சுற்றில் 12.9. ஆனால் அதே 2,000 சுற்றில் ஆல்டர்னேட்டரின் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் நடுவே 14.2 இருக்கிறது. பாசிட்டிவ் பக்க இழப்பு 0.15. நெகட்டிவ் பக்க இழப்பு 1.15. ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்தபோது 0.04.

வண்ணை எலக்ட்ரீஷியன்:

பதினெட்டாயிரம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வரும் பாதை, போயிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் தன் வாசலில் 14.2 கொடுக்கிறது. போகிற வழியில் 0.15, திரும்புகிற வழியில் 1.15, ஆக 1.3 வோல்ட் வழியிலேயே தொலைந்து, பேட்டரிக்கு 12.9 மிச்சம். உங்கள் ரெகுலேட்டர் தன் வாசலில் நிற்கும் வோல்ட்டைப் பார்த்துத்தான் கூட்டும், குறைக்கும், அங்கே 14.2 இருக்கிறதல்லவா, அது தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறது. பேட்டரி கடையில் எந்தச் சுமையும் இல்லாமல் அளந்ததால் மின்னோட்டமும் குறைவு, இழப்பும் குறைவு, 13.6 வந்தது. பணிமனையில் சுமை ஏற்றியதும் இழப்பும் கூடி 12.5 ஆனது. ஒரே கோளாறு, இரண்டு முகம்.

செல்ஃப் அளவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் செல்ஃப் முனகும்போது அதன் முனைகளிலேயே வோல்ட் சரிந்துவிடும். இங்கே முனைகளில் 10.8 நிமிர்ந்து நிற்க, மோட்டார் மட்டும் பட்டினி கிடக்கிறது, 3.1 வோல்ட்டை எர்த் பாதை விழுங்கிவிட்டது.

உங்கள் வகை வண்டியில் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு குட்டை கேபிள் உடலுக்குப் போகும்; அங்கிருந்து செம்புக் கம்பியில் பின்னிய பட்டை ஒன்று கியர்பாக்ஸுக்குப் போகும். என்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது; ஆகவே அந்தப் பட்டைதான் என்ஜினுக்கும் உடலுக்கும் உள்ள மின் தொடர்பு. பின்னல் பட்டையின் இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறினால் லேசில் காயாது. வெள்ளத்தில் ஒரு முறை நனைந்தது. அதன்பின் எர்ணாவூரின் கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. காசிமேட்டு மீன் வண்டிகளில் இதை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். வெளியே பட்டை முழுசாகத் தெரியும். உள்ளே பச்சைப் பொடியாக இருக்கும்.

சிலர் மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்துவிட்டு “எர்த் நன்றாக இருக்கிறது” என்று சொல்லுவார்கள், நம்பாதீர்கள். உங்கள் வண்டியில் எல்லாவற்றையும் போட்டால் சுமார் 45 ஆம்பியர் ஓடும் என்று வைத்தால், 1.15 வோல்ட் இழப்புக்கு 0.025 ஓம் தடை போதும். மீட்டரின் முள் ஒயருக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. டெஸ்ட் லேம்ப்பும் ஏமாற்றும்: 5 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது, அந்த அளவுக்கு அழுகிய பட்டையும் ஈடுகொடுக்கும், பல்பு பளிச்சென்று எரியும். சுமையை ஏற்றி, வோல்ட் எங்கே விழுகிறது என்று பார்த்தால்தான் இது பிடிபடும். அந்த 0.025 ஓம் 45 ஆம்பியரில் ஐம்பது வாட்டுக்கு மேல் வெப்பமாக்குகிறது. ஒரு பழைய குண்டு பல்பின் சூடு. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, பட்டையின் போல்ட் பக்கம் விரலை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பட்டை வாங்குவதற்கு முன் ஓர் உறுதிச் சோதனை இருக்கிறது. உங்கள் ஜம்பர் கேபிளில் கறுப்பை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை என்ஜின் உலோகத்திலும் கவ்வவிட்டு, அதே சுமையில் மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரியில் 14-ஐ ஒட்டி வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

துறைமுக ஓட்டுநர்:

டெர்மினலைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடுகிறேன் ஐயா. எங்கள் டிரெய்லர்கள் 24 வோல்ட், அதில் என்னவெல்லாம் எகிறும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

டயோடு பற்றிப் பேச்சு வந்ததால் என் சொந்தக் கார் அனுபவத்தைச் சொல்கிறேன். ஓடும்போது சார்ஜ் ஏறத்தாழ சரியாக இருந்தது. ஆனால் இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. எல்லா ஃபியூஸையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தும் மின் கசிவு நிற்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, தற்செயலாக ஆல்டர்னேட்டர் மேல் கை பட்டது. அது வெதுவெதுப்பாக இருந்தது. இரவெல்லாம் நின்ற வண்டியில் அது மட்டும் ஏன் சூடாக வேண்டும்? டயோடு ஒன்று இரண்டு பக்கமும் கடத்தும்படி கெட்டுப்போய், அதன் வழியே பேட்டரி மின்சாரம் ஸ்டேட்டர் என்னும் சுழலாத சுருளுக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டயோடு பிளேட்டையும், தேய்ந்திருந்த கார்பனையும் மாற்றினார்கள். ஆல்டர்னேட்டர் முழுவதையும் மாற்றத் தேவைப்படவில்லை. இந்த நண்பருக்கு அந்தப் பிரச்சினை இருக்குமா?

மாதவரம் பயிற்றுநர்:

நல்ல கவனிப்பு. அந்தக் கசிவு ஃபியூஸ் வழியாகப் பிடிபடாததற்குக் காரணம், ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் சாதாரண ஃபியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை என்பதே. கேள்வியாளருக்கு ஏ.சி. அளவு 0.04 வோல்ட்தான் வந்திருக்கிறது. ஆறு டயோடுகளில் ஒன்று கெட்டிருந்தாலும் ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மூன்று மின் அலைகளில் ஒன்று ஊனமாகி அந்த அளவு பல மடங்கு கூடியிருக்கும்; அரை வோல்ட்டைத் தொட்டால் டயோடு கோளாறு ஏறக்குறைய நிச்சயம். ஆகவே அவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் இரண்டு நாள் நிறுத்தினாலே வண்டி கிளம்புவதில்லை என்று முதலில் எழுதியிருந்தார். அதற்கு எர்த் குறையால் பேட்டரி எப்போதும் அரைவயிறாகவே இருந்தது முக்கியக் காரணமாக இருக்கலாம்; அரைகுறையாகவே நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போய் அதன் கொள்ளளவே சுருங்கிவிடும். இருந்தாலும் எர்த்தைச் சரிசெய்த பிறகு, நின்ற வண்டியில் எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். என்ஜின் நின்றிருக்கும்போது நெகட்டிவைக் கழற்றுவதில் தவறில்லை, ஓடும்போதுதான் கூடாது. கதவின் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியிருப்பதுபோல் வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் காத்திருங்கள். உள்ளே உள்ள கணினிப் பெட்டிகள் உறங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

எர்ணாவூர்வாசி:

ஜம்பர் கேபிளைக் கவ்வவிட்டவுடன் செல்ஃப் வண்டி வாங்கிய புதிதில் சுற்றியதுபோலச் சுற்றியது. எல்லாவற்றையும் போட்டு 2,000 சுற்றில் பேட்டரியில் 14.0. பிறகு கேபிளை எடுத்துவிட்டு மணலி வரை போய்வந்து பட்டையின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன்; விரலை வைத்திருக்க முடியவில்லை.

பட்டை பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்தது. தட்டைக் கழற்றியதும் மேலோட்டமாக நன்றாகத்தான் தெரிந்தது. வளைத்தவுடன் நடுவில் பச்சைப் பொடி உதிர்ந்தது, இழைகளில் பாதி அறுந்திருந்தது. அதே தடிமனில் ஒரு பட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. போல்ட் உட்காரும் இரண்டு இடங்களிலும் பெயின்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு முறுக்கி, மேலே வாசலின் பூசினேன். முதலில் தேய்த்து முறுக்கிவிட்டு அப்புறம் வாசலின் என்பதுதானே சரியான வரிசை?

இப்போது நெகட்டிவ் பக்க இழப்பு 0.04. எல்லாச் சுமையோடும் நின்ற நிலையில் 13.6, 2,000 சுற்றில் 14.0. கசிவையும் அளந்தேன்: கதவைப் பூட்டி நாற்பது நிமிடம் கழித்தும் 0.19 ஆம்பியர் நிற்கிறது. ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்ததில், ஸ்டீரியோ ஃபியூஸை எடுத்ததும் 0.03-க்கு இறங்கியது. இந்த ஸ்டீரியோ மூன்று வருடத்துக்கு முன் வெளியே ஒரு கடையில் மாட்டியது.

வண்ணை எலக்ட்ரீஷியன்:

வரிசை சரிதான். வாசலினை நடுவில் பூசிவிட்டு முறுக்கினாலும் போல்ட்டின் அழுத்தத்தில் அது விலகிக்கொள்ளும். ஆனால் காற்றும் ஈரமும் புகாமல் காப்பது வெளிப்பூச்சுதான்.

0.19 ஆம்பியர் சின்ன எண்ணாகத் தெரியும். சனிக்கிழமை மாலை நிறுத்தித் திங்கட்கிழமை காலை எடுத்தால் 36 மணி நேரத்தில் ஏழு ஆம்பியர் மணி அளவுக்குப் போகிறது; நிறைந்த 60 ஆம்பியர் மணிப் பேட்டரி அதைச் சட்டை செய்யாது, உங்களுடையதுபோல அரைவயிற்றோடு நிற்கிற பேட்டரிக்கு அதுவே கடைசி அடி. ஸ்டீரியோவின் பின்னால் பாருங்கள். வெளியே வாங்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் இருக்கிற இடத்துக்கும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற இடத்துக்கும் போக வேண்டும். மாட்டியவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருப்பார். அப்படியானால் திரை அணைந்திருந்தாலும் ஸ்டீரியோ உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். சிவப்பைப் பிரித்துச் சாவி இணைப்பில் கொடுங்கள்.

மூன்றாவது பேட்டரியை உடனே குறை சொல்லாதீர்கள். 60 ஆம்பியர் மணி என்றால் 6 ஆம்பியருக்கு மேல் போகாமல் ஓர் இரவு மெதுவாக ஏற்றிவிட்டு, மூடி திறக்கிற வகையாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பாருங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரி தேறாது. எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்தால் அதையே ஓட்டுங்கள்.

எர்ணாவூர்வாசி:

நீங்கள் சொன்னபடியே மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. பிரித்து மாட்டிவிட்டேன், கசிவு 0.03. ஆறு அறைகளிலும் 1.240 முதல் 1.255 வரை இருக்கிறது. சனிக்கிழமை மாலை நிறுத்திய வண்டியில் இன்று திங்கட்கிழமை காலை 12.58 இருந்தது, ஜம்பர் கேபிளைப் பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.